பொங்கல் பையில் இந்த வருஷம் வெல்லம் ஏன் குறைவு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த வருஷத்துப் பொங்கல் பையைப் பிரித்ததும், "ஒரு கிலோ வெல்லம் எங்கே போச்சு?" என்று கேட்கத்தான் போகிறீர்கள். வெல்லம் கால் கிலோதான் இருக்கும். பச்சரிசியையும் ஒரு கிலோவிலிருந்து அரை கிலோவாக்கியிருக்கிறோம். அதற்கு ஈடாகப் பாசிப்பருப்பை அரை கிலோவாகக் கூட்டி, காய்ந்த மொச்சை கால் கிலோ, காராமணி கால் கிலோ சேர்த்திருக்கிறோம். முந்திரி, திராட்சை, ஏலக்காய் எப்போதும் போலத்தான். விலையும் போன வருஷத்து விலையே.

எங்கள் நோட்டில் கணக்கு வைத்திருக்கும் வீடுகளில் சுகர் மாத்திரை போடும் ஆள் இல்லாத வீடு குறைவு. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கும் மேல் நீரிழிவு என்று சொன்னது. பண்டிகை நாளில் அந்த வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "நல்ல நாளும் அதுவுமா சாப்பிடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், எல்லோரும் இலை போட்டுச் சாப்பிடும்போது அப்பாவுக்கு மட்டும் தட்டில் கோதுமை உப்புமா. இரண்டுமே சரியில்லை. எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி, அதில் அவரும் உட்கார வேண்டும். அப்படிச் சமைக்க முடியும்.

முதலில் வெல்லம். மார்கழி பிறந்ததும் தினம் யாராவது ஒருவர் கடையில் நின்று, "அண்ணே, வூட்ல அவருக்கு சுகரு, வெள்ளைச் சக்கரை வேணாம், நாட்டுச் சக்கரையா ஒரு கிலோ போடுங்க" என்பார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம், தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். எங்களுக்கு வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை, சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று சொல்லி வெல்லத்தை விற்க மாட்டோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரைப் பொங்கலில் கால் கிலோ பச்சரிசிக்கு அரை கிலோ வெல்லம் போடும் வீடுகள் நம் பக்கம் நிறைய. பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஒருவர் பங்கில் வெல்லம் மட்டும் 50 கிராம். அரிசி, பருப்பையும் சேர்த்தால் மாவுச்சத்து (சர்க்கரையையும் சேர்த்துத்தான்) 65 கிராமைத் தாண்டும். அது ஒன்றரைக் கப் சோற்றுக்குச் சமம், இலையில் சோறு விழுவதற்கு முன்னாலேயே!

இப்போது இப்படிச் செய்து பாருங்கள். பச்சரிசி 150 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 100 கிராம், வெல்லம் 250 கிராம். ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டு, சிட்டிகை உப்பு, துளி பச்சைக் கற்பூரம், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ச் சில்லு. வெல்லம் பாதியானது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது, பருப்பு வறுத்த வாசம் தூக்கிக் கொடுக்கும். இதிலும் பத்துப் பங்கு போட்டால் ஒரு பங்கில் மாவுச்சத்து 40 கிராம் வரும். சர்க்கரை உள்ளவருக்கு அதில் பாதி, சின்னக் கிண்ணத்தில். அந்த 20 கிராமுக்கு ஈடாக அவர் இலையில் அரைக் கப் சோற்றைக் குறைத்துவிடுங்கள். கணக்கு நேராகிவிடும்.

வெண்பொங்கலை எல்லோரும் சாது என்று நினைக்கிறார்கள். குழையக் குழைய வெந்த பச்சரிசி சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறிவிடும். அரிசிக்குச் சரிபாதி பருப்பு போடுங்கள், ரொம்பக் குழைய விடாதீர்கள். சாமை, வரகு கேட்பவர்களுக்கும் ஒன்று: அரிசியில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 78 கிராம் என்றால் சாமையிலும் வரகிலும் 65 கிராமுக்குக் குறையாது. நார்ச்சத்து அதிகம், அது நல்லதுதான். அதற்காகச் சிறுதானியம்தானே என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் இல்லை.

இலையில் பாதி இடம் காய்க்குப் போகட்டும். அவரைக்காய் பொரியல், கத்திரிக்காய், வெள்ளைப் பூசணிக் கூட்டு எல்லாம் தை மாதத்தில் மலிவு. மொச்சையையும் காராமணியையும் முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துக் குழம்பில் போடுங்கள். அதற்காகத்தான் பையில் வைத்திருக்கிறோம். புரதமும் நாரும் உண்டு, வயிறும் நிறையும். சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, சேனை மூன்றையும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றுக் கணக்கு. காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். கரும்பு ஒரு கணு கடித்துத் தின்னட்டும், ஜூஸ் மட்டும் வேண்டாம். ஒரு பெரிய டம்ளரில் சர்க்கரை 30 கிராமுக்குக் குறையாது.

எங்களுக்கு அதிகக் கவலை நேரத்தைப் பற்றித்தான். நல்ல நேரம் பார்த்துப் பானை பொங்கி, படையல் போட்டுச் சாப்பிட மத்தியானம் ஆகிவிடும். இன்சுலின் போடுபவரும் சில வகை மாத்திரை சாப்பிடுபவரும் அதுவரை வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். சோதித்து 70-க்குக் கீழே என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கருவி இல்லையென்றால் சோதிக்காமலே கொடுக்கலாம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் நெய் விட்ட பொங்கல் உதவாது, நெய் சர்க்கரை ஏறுவதை மெதுவாக்கிவிடும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இனிப்பு சாப்பிடப் போகிறோம் என்று நீங்களாகவே ஒரு மாத்திரை கூடப் போடுவதும் ஆபத்து. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்களும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களும், பண்டிகை நாளில் எப்போது போடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காணும் பொங்கல். காசிமேட்டு வஞ்சிரமோ சங்கராவோ குழம்பாக வைத்தால் மீனில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கருவாடு மட்டும் பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பு அதிகம். பிரியாணி என்றால் கறி நிறைய, வெங்காயப் பச்சடி நிறைய, சோறு ஒரு கப். கூட வரும் பிரெட் அல்வாவை அன்றைக்கு விட்டுவிடலாம், ஒரே வேளையில் இரண்டு வேண்டாம். சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் காலாற நடந்தால் நல்லது.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதிய டப்பா இனிப்புகளை நாங்கள் வாங்கி வைக்கவில்லை. தனியாகச் சர்க்கரை போடவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. உள்ளே மைதாவும் கோவாவும் பேரீச்சையும் இருந்தால் அவை சர்க்கரையை ஏற்றாமல் விடாது.

பழைய மாதிரியே ஒரு கிலோ வெல்லப் பை வேண்டும் என்பவர்களுக்கும் கட்டித் தருகிறோம், அது உங்கள் வீட்டு விருப்பம். எந்தப் பை என்று ஜனவரி 10-க்குள் கடையில் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன அளவுகளைத் தனித் தாளில் அச்சடித்துப் பையோடு வைக்கிறோம், அடுப்பங்கரையில் ஒட்டிக்கொள்ளலாம். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்குக் கடைப் பையன் படித்துக் காட்டுவான்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடை,
பழைய வண்ணாரப்பேட்டை