படம் மாட்டியாச்சு, அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகத் துறைகளில் முன்னோடிப் பெண்களின் படங்களைத் திறந்து வைப்பது, அரங்குகளுக்கு அவர்கள் பெயரைச் சூட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல காரியம்தான். சுவர் முழுக்க ஆண்கள் படமாகவே மாட்டியிருக்கும் துறைக்குள் புதிதாக நுழையும் மாணவிக்கு என்ன தோன்றும் என்று கட்டுரையாளர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்தத் துறையில் என்ன நடக்கிறது என்பதற்குள் அவர் போகவே இல்லை.

இந்தப் படங்களுக்குக் கீழே வழக்கமாகப் பிறந்த ஆண்டும் கண்டுபிடிப்பும் விருதும் இருக்கும். அவரை யார், எதைச் சொல்லித் தடுத்தார்கள் என்பது இருக்காது. ஜெர்மன் கணித மேதை எம்மி நோதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1915-இல் கணிதப் பேராசிரியர்கள் ஹில்பர்ட்டும் கிளைனும் அவரை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். பெண்ணுக்குப் பாடம் நடத்தும் உரிமையா என்று அங்கிருந்த பேராசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். அதனால் அவர் எடுத்த வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. இயற்பியல் இன்றும் சார்ந்திருக்கும் அவருடைய தேற்றம் வெளியான 1918-இல்கூட, சொந்தப் பெயரில் வகுப்பெடுக்க அவருக்கு அனுமதி இல்லை. 1919-இல் உரிமை வந்தது, சம்பளம் வரவில்லை. அதற்கும் சில ஆண்டுகள் ஆயின. 1933-இல் நாஜி அரசு அவரை யூதர் என்று சொல்லி வெளியேற்றியது. பன்முகத்தன்மை வந்தால் தகுதி போய்விடும் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தகுதி போதாது என்பதற்காக நோதரை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

நம் பக்கத்திலும் கதை இருக்கிறது. 1933-இல், பின்னாளில் உயிர்வேதியியலாளராகப் பெயர் பெற்ற கமலா சோஹோனியை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்க்க மறுத்தவர் சர் சி.வி. ராமன். காரணம், அவர் பெண். சோஹோனி விடாமல் போராடிய பிறகு, நிபந்தனை போட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ராமனின் பெருமைக்கு இதனால் குறைவு வந்துவிடுமே என்று படத்தின் கீழே இதை எழுதத் தயங்குவது தேவையில்லாத மரியாதை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயரின் அனுபவம். கணவர் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை கிடையாது என்பது அன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விதி. சொந்தக்காரருக்குச் சலுகை கூடாது என்ற, கேட்டால் சரி என்றே தோன்றும் விதி. அதனால் பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் ஆராய்ச்சி செய்தார். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி 1960-இல் வந்தது, நோபல் 1963-இல். இன்றைய தடைகளும் இந்த வகைதான். ஆராய்ச்சி நிதிக்கு வயது வரம்பு, பிள்ளை வளர்த்த ஆண்டுகளை ‘இடைவெளி’ என்று கழிப்பது, மாலையில் வைக்கும் துறைக் கூட்டங்கள். எதிலும் ‘பெண்’ என்ற சொல்லே இருக்காது.

இன்னொன்று, துறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த தொல்லை. துறையில் ஒரே ஒரு பெண் இருந்தால், அல்லது ஒதுக்கப்பட்ட பிரிவிலிருந்து ஒரே ஒருவர் வந்திருந்தால், எல்லாக் குழுவிலும் அவர் பெயரைப் போட்டுவிடுவார்கள். புகைப்படத்துக்கும் அவர்தான் வேண்டும். அப்புறம் பதவி உயர்வு வரும்போது ‘ஆய்வுக் கட்டுரை குறைவாக இருக்கிறதே’ என்பார்கள்!

எப்படிச் செய்யலாம் என்பதற்கு பிரிட்டிஷ் வானியற்பியலாளர் ஜோஸலின் பெல் பர்னல் வழி காட்டியிருக்கிறார். 1967-இல் ஆராய்ச்சி மாணவியாக முதல் பல்சாரை, அதாவது சீரான துடிப்பாக ரேடியோ அலை வரும் விண்மீனை, கண்டவர் அவர்; 1974-இல் நோபலில் பங்கு கிடைத்தது அவருடைய வழிகாட்டிக்கு. 2018-இல் தனக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் போன்றோர் இயற்பியலில் முனைவர் பட்டம் படிப்பதற்கு அப்படியே கொடுத்துவிட்டார். சிலை வைப்பதைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

இனி இப்படி ஒரு பெயர்சூட்டு விழாச் செய்தி வரும்போது, உங்கள் நிருபர் துறைத் தலைவரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். அந்தத் துறையில் பாடம் நடத்தும் பெண்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒப்பந்தத்தில்? அந்த முன்னோடியின் பெயரில் உதவித்தொகை ஏதாவது உண்டா, அது யாருக்குப் போகிறது? பதிலைப் படத்தோடு சேர்த்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்