மலை ஊர்களுக்கு ஒரு நன்றி மடல்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர் ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா தங்கையருக்கும் வணக்கம்.

புற்றுநோய் மருத்துவராக 31 ஆண்டுகள் பணியாற்றி இம்மாதம் ஓய்வு பெற்றேன். விடைகொடுத்த விழாவில் என் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக வாசித்தார்கள்; அவற்றுக்காக மலையேறி இறங்கிய உங்களில் ஒருவர் பெயர்கூட அங்கே சொல்லப்படவில்லை என்ற உறுத்தலில் இதை எழுதுகிறேன்.

தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் பிறந்த நான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிலையத்தில், மறு ஆண்டே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அவரைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடையே நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியரே பார்க்கும் எளிய பரிசோதனைதான். அது நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அந்த ஆய்வில் எனக்குப் பங்கில்லை. ஆனால் மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் முகாம் கொண்டுவரும் துணிவை அதுதான் தந்தது.

முதல் முகாமுக்கு ஏழு பேர் வந்தார்கள். பெண்களுக்கு அக்கறையில்லை என்று நான் சலித்துக்கொண்டபோது, கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா, “டாக்டரம்மா, இது பழம் பறிக்கிற மாசம். ஒரு நாள் கூலியை யார் தருவாங்க?” என்று கேட்டார். தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. முகாமை மாசிக்கு மாற்றினோம். மேஸ்திரிகள் சிலர், யார் சொல்லியும் அல்ல, அன்றைக்கு அரைநாள் விடுப்பு கொடுத்தார்கள். அந்த அக்காவுக்கும் அவர்களுக்கும் என் முதல் நன்றி.

சிகிச்சை முடிந்தவர் ஐந்தாண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்று தெரியாமல், சிகிச்சை பலித்ததா என்று எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது. பலாமரத்து வீடு, சுனைக்கு மேலே என்றெல்லாம் முகவரி எழுதிய என் கடிதங்களைத் தபால்காரர்கள் திருப்பி அனுப்பியதில்லை. வத்தலக்குண்டுப் பேருந்தின் நடத்துநர்கள், மறுபரிசோதனைக்கு வராதவரின் வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பி, மறுநாள் பதிலும் கொண்டுவந்தார்கள். சில பதில்கள் துக்கச் செய்திகள். அவற்றையும் பதிவேட்டில் எழுதினேன். மூன்று பெண்களைப் பற்றி மட்டும் இன்றுவரை எதுவும் தெரியவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

பதிவேடுகளை எனக்குப் பின் வந்த இளம் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டேன். மாசி முகாமுக்கு நானும் வருவேன், வாசலில் உட்கார்ந்து பெயர் எழுத.

இப்படிக்கு,
உங்கள் தாண்டிக்குடி டாக்டரம்மா