ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் நம் குடும்பங்களும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில் பெற்றோர் சிலர் என்னைச் சந்தித்து, தங்கள் பிள்ளையின் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவர் ஒருவர் இருப்பதாகவும், அதனால் மற்றவர்களின் படிப்பு கெடுவதாகவும், அவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுமாறும் கேட்டுக்கொண்டார்கள். அதே வாரத்தில் அந்த மாணவரின் தாயாரும் வந்து, ஊராரின் பேச்சுக்கு ஆளாவதைவிடப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மாற்றுச் சான்றிதழ் கேட்டார். இரு தரப்புக்கும் நேரில் விடை சொல்லிவிட்டேன். எனினும் இது ஓரிரு வீடுகளோடு முடிகிற செய்தி அன்று என்பதால் அனைவருக்கும் எழுதுகிறேன். இக்கடிதத்தில் குறிப்பிடும் பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய வீட்டாரின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பள்ளியின் முடிவு. ஆட்டிசத்தின் பொருட்டு எந்த மாணவரும் இங்கிருந்து அனுப்பப்படமாட்டார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்திருப்பதோடு, இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகப் படிக்கவைக்கும் கடமையையும் நம்மைப் போன்ற பள்ளிகளுக்கு விதித்திருக்கிறது. அப்படியொரு சட்டம் இல்லாதிருந்தாலும் என் முடிவு இதுவாகவே இருந்திருக்கும்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் மிகத் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, மணம், தொடுதல் ஆகியவற்றை உணரும் அளவிலும், ஒரே ஒழுங்கை விடாமல் பற்றிக்கொள்வதிலும் அது வெளிப்படுகிறது. நம் பள்ளியில் மணியாகத் தொங்குவது ஒரு தண்டவாளத் துண்டு. அதன் ஓசை நமக்குப் பழகிப்போயிற்று. ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவனுக்கோ அது காதில் ஆணி அறைவது போன்ற வேதனை. ஒவ்வொரு மணிக்கும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு அலறிக்கொண்டிருந்தான். இப்போது மணியடிக்கும் பணியாளர் முதலில் தாழ்வாரத்தின் முனைக்கு வந்து, அவன் கண்ணில் படும்படி கையை உயர்த்துகிறார். அவன் இரு கட்டைவிரல்களாலும் காதுகளை அழுத்தி மூடிக்கொண்டு தலையசைக்கிறான். அதன் பிறகே சுத்தியல் விழுகிறது. இந்த ஏற்பாட்டை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவனுடைய பாட்டி. வீட்டில் குக்கர் விசில் வருவதற்கு முன் அவர் அப்படித்தான் கைகாட்டுவாராம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்குக் கிடைக்காத அறிவு அந்தச் சமையற்கட்டில் இருந்தது. இக்கடிதத்தின் நோக்கமும் அதுதான்: ஒரு வீட்டில் உள்ள அறிவு அடுத்த வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டும்.

சரளமாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் துன்பம் வேறு வகையானது. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் 1944-இல் விவரித்த இந்நிலையை, 1981-இல் இங்கிலாந்தின் மனநல மருத்துவர் லோர்னா விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்று உலகம் அழைக்கத் தொடங்கியது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும், 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அந்தத் தனிப்பெயரை விடுத்து, ஆட்டிசம் என்ற ஒரே தலைப்பின்கீழ் அதைக் கொண்டுவந்துவிட்டன. ஆகவே பழைய மருத்துவச் சீட்டில் ஒரு பெயரும் புதிய சான்றிதழில் வேறொரு பெயரும் இருப்பதைக் கண்டு பெற்றோர் குழம்ப வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு மாணவர் இருக்கிறார். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றையும் நாள் தவறாமல் நாளிதழில் பார்த்து ஒரு நீண்ட குறிப்பேட்டில் எழுதிவருகிறார். எதிரில் இருப்பவர் சலித்துக்கொண்டாலும் அதையே பேசுவார். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏதோ ஒரு கணக்கைச் சொன்னபோது, எல்லோர் முன்னிலையிலும், "நீங்கள் சொன்னது தவறு, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி." என்று திருத்திவிட்டார். மரியாதை தெரியாத பிள்ளை என்று ஊர் சொல்லிற்று. அந்தப் பழி நேராக அவரை வளர்த்த தாயின் தலையில் போய் விழுந்தது. மாணவரின் மனத்திலோ அவமதிப்பு என்ற எண்ணமே இல்லை. எண் தவறாக இருந்தது, சரியான எண்ணைச் சொன்னார். பெரியவரைத் திருத்துவதானால் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். அவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டும், பல முறை, பொறுமையாக. இப்போது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அணையின் நிலவரத்தை வாசிப்பவர் அவரே. பெண்பிள்ளைகள் பலர் தோழியரைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போலவே நடந்துகொள்ளப் பழகிவிடுவதால், அவர்களிடம் ஆட்டிசம் இருப்பதைக் கண்டறிய ஆண்டுகள் பிடிக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து விழுகிற பெண்ணைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள்.

இனித் தாய்மார்களைப் பற்றி. நம் பகுதியில் தந்தையர் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் உழைக்கிறார்கள். பிள்ளையோடு வீட்டில் நிற்பவர் தாய் ஒருவரே. மாமியார் வீட்டார் வளர்ப்பைக் குறை சொல்கிறார்கள். அக்காவுக்கு வரன் தேடும்வரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எந்த விசேஷத்துக்கும் அவர் போவது நின்றுவிடுகிறது. தாயின் அன்பு குறைந்ததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு அறிஞர்களே எழுதினார்கள். 1964-இல் அதை ஆதாரங்களோடு மறுத்து நூல் எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. லோர்னா விங்கும் அத்தகைய மகளுக்குத் தாய்; 1962-இல் இங்கிலாந்துப் பெற்றோர்கள் கூடிச் சங்கம் அமைத்தபோது உடனிருந்தவர். தில்லியில் 1991-இல் ஆட்டிசத்துக்கென அமைப்பு தொடங்கிய மெர்ரி பரூவாவும் ஒரு தாயே. பழி சுமந்தவர்கள் ஒன்றுகூடியதால்தான் அந்தப் பழி பொய் என்று நிலைநாட்டப்பட்டது. இதில் பரம்பரைக் கூறுகளின் பங்கு பெரிது. வளர்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடுப்பூசிக்கும் தொடர்பில்லை, அவ்வாறு சந்தேகத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. நேர்த்திக்கடன் செய்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் முற்றிலும் குணப்படுத்துவதாகச் சொல்பவரை நம்பி, இருக்கிற இரண்டு மா நிலத்தை ஒற்றிக்கு வைத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும், வீட்டில் மாறாத ஓர் ஒழுங்கும் பிள்ளையை முன்னேற்றும். ஊசியாலும் மருந்தாலும் ஆட்டிசத்தை அகற்றிவிட முடியாது.

உடன்பிறந்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். தம்பி அழுதால் சமாதானப்படுத்த அக்காவை வகுப்பிலிருந்து அழைக்கும் வழக்கம் இவ்வாண்டு முதல் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்வது ஆசிரியர்களின் வேலை. அந்தப் பெண்ணுக்கும் படிப்பு உண்டு, தோழியர் உண்டு, சில நாட்களில் தம்பிமேல் கோபம் கொள்ளும் உரிமையும் உண்டு. வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது தாய் அவளோடு மட்டும் இருக்கும்படி, மற்றப் பெரியவர்கள் சிறுவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இக்கடிதத்தை இந்த மாதத்திலேயே எழுதியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜனவரி 28-இல் மேட்டூர் அடைக்கப்பட்ட பிறகு, நம் வாய்க்கால்கள் பல மாதங்கள் வறண்டு கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றில் விளையாடுகிறார்கள், குறுக்கு வழியாக நடக்கிறார்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் அணை திறந்து, சில நாட்களில் கல்லணையிலிருந்து ஆறுகளில் தண்ணீர் விட்டதும், அதே தடத்தில் தண்ணீர் வந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை பழகிய வழியை மாற்றிக்கொள்ளாது. சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துவிடும் இயல்பு பலருக்கு உண்டு. தண்ணீர் அவர்களை மிகவும் ஈர்க்கிறது. இப்பிள்ளைகளின் விபத்து மரணங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று நீரில் மூழ்குவது. எனவே தண்ணீர் வரும் முன்பே பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, புதிய வழியில் நாள்தோறும் நடத்திப் பழக்குங்கள். கொல்லைக் கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இயன்றவர்கள் நம்பகமானவரைக் கொண்டு நீச்சல் கற்பியுங்கள். மற்றப் பெற்றோர்களே, மதகருகிலோ படித்துறையிலோ ஒரு பிள்ளை தனியே நிற்கக் கண்டால், "யார் வீட்டுப் பிள்ளையோ" என்று கடந்துபோகாதீர்கள். தூரத்திலிருந்து கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காமல் போகலாம்; அருகே சென்று, மெதுவாகக் கையைப் பிடித்து அழைத்து வந்து, உடனே வீட்டுக்கோ பள்ளிக்கோ தெரிவியுங்கள். தெருமுனைத் தேநீர்க் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் நம் பிள்ளையை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது பெரிய பாதுகாப்பு. பிள்ளையின் நிலையை மறைத்துப் பயனில்லை.

பொது இடத்தில் இப்படிப்பட்ட பிள்ளை தரையில் விழுந்து கதறினால் சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், செல்பேசியில் படம் எடுக்காதீர்கள். அது அடம் அன்று. தவில், வெடி, கூட்டம், விளக்கு எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமற்போன நிலை. ஓசை குறைந்த ஓரிடத்தைக் காட்டி, தாய்க்கு வழி விடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அக்குடும்பத்தை அழைப்பதானால், மேளச்சத்தம் எட்டாத ஒரு பின்னறையை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி அழையுங்கள். வர மறுத்தவர்கள் வருவார்கள்.

அரசு உதவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவச் சான்றிதழில் குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று குறிக்கப்பட்டால் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடம் பயிற்சி பெறலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. 18 வயதுக்குப் பின் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கோரலாம். விண்ணப்பங்களை நிரப்ப அலுவலக எழுத்தர் உதவுவார்.

மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலக அறையில் இக்குடும்பங்கள் கூடிப் பேச ஏற்பாடு செய்திருக்கிறேன். தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் அனைவரும் வரலாம். வெளிநாட்டில் உள்ள தந்தையர் செல்பேசி வழியே கலந்துகொள்ளலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் இரண்டு ஆசிரியைகள் இருப்பார்கள். வருகைப் பதிவேடு கிடையாது. மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் மட்டுமே உள்ளவர்களும் தயங்காமல் வாருங்கள். மற்ற வீட்டாரில் யாரேனும் ஒரு பிற்பகல் நேரம் அண்டை வீட்டுத் தாய்க்கு ஓய்வு கொடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வந்தால், இத்துடன் இணைத்துள்ள சீட்டில் தெருப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, உறையிலிட்டு, வகுப்பாசிரியர் வழியாக எனக்குக் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்