முதலில் பந்தை வீசியவர்கள் வேறு ஆட்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஃபார்வர்ட் பாஸ், அதாவது பந்தைக் கையால் முன்பக்கம் வீசுவது என்பதையே 1913-இல் நோட்ர டேம் பல்கலைக்கழகம்தான் கண்டுபிடித்தது என்று போட்டிருக்கிறீர்களே, அது தப்பு. அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகப் பையன்கள் அதை வைத்து ஒரு சீசன் முழுக்க ஆடி முடித்துவிட்டார்கள்.

1905-இல் இந்த ஆட்டத்தில் ஏறக்குறைய 20 பேர் செத்துப்போனார்கள். கும்பலாகச் சேர்ந்து முட்டி மோதுவதுதான் அப்போது ஆட்டமே. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அப்புறம்தான் 1906-இல் விதியை மாற்றி, பந்தை முன்பக்கம் வீசலாம் என்றார்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: வீசிய பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதற்குப் பயந்தே பல கோச்சுகள் அந்தப் பக்கம் போகவில்லை.

செயின்ட் லூயிஸ் கோச் எடி கோக்கம்ஸ் போனார். கோடையிலேயே அணியை விஸ்கான்சினில் பியூலா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் வீசவும் பிடிக்கவும் பழக்கினார். அப்போதைய பந்து இப்போது மாதிரி ஒல்லியாக இருக்காது, பருத்து உருண்டிருக்கும், ஒரு கையில் அடங்காது. தையல் கயிற்றில் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

செப்டம்பர் 5, வாகேஷா ஊரில் கரோல் கல்லூரியோடு ஆட்டம். செயின்ட் லூயிஸ் வீரர் பிராட்பரி ராபின்சன் வீசிய முதல் பாஸை யாரும் தொடவில்லை, பந்து கரோலுக்குப் போயிற்று. நானாக இருந்தால் அன்றைக்கே அந்த வித்தையை மூட்டை கட்டியிருப்பேன்! அவர் அதே ஆட்டத்தில் மறுபடி வீசினார். 20 கெஜம் தள்ளி சக வீரர் ஜாக் ஷ்னைடர் பிடித்தார், டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). அந்த சீசனில் 11 ஆட்டம், பதினொன்றும் வெற்றி. எடுத்த புள்ளி 407, விட்டுக்கொடுத்தது வெறும் 11. அயோவா பல்கலைக்கழக அணியைக்கூட 39-0 என்று அடித்தார்கள்.

பிறகு ஏன் பேர் வேறு பக்கம் போயிற்று என்றால், செயின்ட் லூயிஸ் கிழக்குக் கரைப் பத்திரிகைகளின் கண்ணுக்கு எட்டாத தூரம். 1913-இல் நோட்ர டேம் ராணுவ அணியை 35-13 என்று சாய்த்ததோ அமெரிக்க ராணுவக் கல்லூரி இருக்கும் வெஸ்ட் பாயிண்டில், நியூயார்க்கிலிருந்து கிட்டத்தில். அன்றைக்கு அந்தப் பாஸ்களைப் பிடித்த நூட் ராக்னியே, தங்களுக்கு முன்னால் செயின்ட் லூயிஸ்காரர்கள் இதைச் செய்துவிட்டார்கள் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஒரு திருத்தம் போட்டால் போதும், கோக்கம்ஸ் பெயரோடு.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்