ஒன்பது மணிக்கே சொன்னீர்கள்

அத்தை,

இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போவது உங்கள் சின்ன மகள்தான் என்று தெரியும். அதனால் சில இடங்களில் அளந்துதான் எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். ஏழு வருஷமாக அவர்கள் வாயில் ஓடும் கதையை ஓடவிட்டவள் நான். அவர்கள் முன்னாலேயே அதை நிறுத்துவதுதான் நியாயம்.

போன வாரம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். டாக்டரிடம் எதற்குப் போனேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். கண்ணு படும் என்பீர்கள். நீங்களே புரிந்துகொள்ளுங்கள். "முதல் பிள்ளை பிறந்த பிறகு பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" பக்கத்தில் உங்கள் மகன். யார் கேட்டாலும் ஆமாம் என்றே சொல்லிவந்த நான், அன்றைக்கு இல்லை என்றேன். வீடு வந்து சேரும்வரை அவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

ஆமாம் அத்தை, சாப்பிடவில்லை. 36வது வாரத்தில் கிளினிக்கில் பிரஷர் 150/100 காட்டியதும், சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்று வார்டில் சேர்த்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். பெற்றாச்சு, கால் வீக்கம் வடிகிறது, இன்னும் எதற்கு இந்த டாரா திங்கி, பிரஷர் மாத்திரை? போதாததற்கு, மாத்திரை பாலில் இறங்கும் என்று ஒருவர் சொன்னார். யார் என்று சொல்லமாட்டேன். சரி, நீங்கள்தான் சொன்னீர்கள். சொன்னது நீங்கள், நிறுத்தியது நான். பால் கொடுப்பவள் சாப்பிடக்கூடிய மாத்திரையாகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்த நர்ஸ் மிஸ்ஸியிடம் கூசாமல் பொய் சொன்னேன். பிரசவத்துக்குப் பிறகும் இது வரும், ஆறு வாரம் வரைக்கும் கவனம் வேண்டும், தலைவலி வந்தால் காத்திருக்காதே என்று அவர் படித்துப் படித்துச் சொன்னபோது மாத்திரையெல்லாம் மைலோ டின்னுக்குள் கிடந்தது.

ஆறாம் நாள் ராத்திரி. உங்கள் மகனுக்கு ஆலையில் இரவு வேலை. மழை விட்டு, தோட்ட லயத்து வீட்டுத் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. சாயங்காலம் வலது விலாவுக்குக் கீழே கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. காற்றுதான் என்று ஓமத்தண்ணி கேட்டது நான். நீங்கள் கொண்டுவந்து, குடிக்கக் கொடுக்காமல், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏன் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுறே?" பல்பைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஓடுகிறது என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பக்கத்து வீட்டுக் காடியைக் கூப்பிடவா? காரிலேயே போயிடலாம்" என்று கேட்டீர்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது.

வேண்டாம் என்றேன். மறுபடியும் அந்த வார்டுக்கா? பிள்ளையை விட்டுவிட்டா? பதினோரு மணிக்கு மறுபடி கேட்டீர்கள். "சும்மா இருங்க அத்தை, நீங்க டாக்டரா?" என்று கத்தினேன். பிள்ளை விழித்து அழுதான். ஒரு மணிக்கு நான் வாந்தி எடுத்ததும் நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற லிந்தாங் சாலையில் எங்கே வலிப்பு வந்தது என்று எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது 180/120 என்று யாரோ மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையில் வலிப்பை அடக்கும் மக்னீசியம் ஏறியது, உடம்பெல்லாம் அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது. நீங்கள் வாசலில் விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றீர்கள். மிஸ்ஸி கேட்டதற்கு, காடிக் கதவில் நசுங்கியது என்றீர்கள். இன்றுவரைக்கும் எல்லாரிடமும் அதே கதவுதான்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கு அன்று தெரியாது, விரலைக் கொடுத்தீர்கள். அந்த நகம் இன்னும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. முருங்கைக்கீரை உருவும்போது காம்பு அதில் மாட்டிக்கொள்ளும், நீங்கள் உதறிவிட்டு அடுத்த கொத்தை எடுப்பீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே நான், "அத்தை ஓமத்தண்ணி கொடுத்து நேரத்தைக் கடத்திட்டாங்க" என்று என் அம்மா வீட்டில் சொல்லியிருக்கிறேன். விசேஷ வீடுகளில் அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது 24 வயது. பயந்துபோயிருந்தேன். பத்தியம், பூண்டு, கட்டுத்துணி என்று ஆறு நாளாக என் உடம்பு என்னுடையதாகவே இல்லை. வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. தப்பான ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் சின்ன மகள் சொன்னாள், உங்கள் அக்கா இதே தோட்டத்தில் பிள்ளை பெற்று ஐந்தாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டார் என்று. அதனால்தான் என் கண்ணை அப்படிப் பார்த்தீர்களா? ஒன்பது மணிக்கு அதை ஒரு வரி சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருக்கமாட்டேனா? பச்சை உடம்புக்காரியிடம் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று மறைத்தீர்களாம். அதையும் நான் பத்தியம் மாதிரி விழுங்க வேண்டுமா?

இந்தத் தடவை தோட்டத்துக்கு வரமாட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். நீங்கள்தான் இங்கே வரவேண்டும். 12வது வாரத்திலிருந்து இரவில் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். ஒருமுறை வந்தது மறுமுறையும் வரலாம் என்பதால், 16 வாரத்துக்குள்ளேயே தொடங்கிவிட வேண்டுமாம். (எழுதமாட்டேன் என்றேன், எழுதிவிட்டேன். சுற்றிப் போட்டுக்கொள்கிறேன்.) பிரஷர் பார்க்கிற மெஷின் வாங்கி வைத்திருக்கிறேன். மாத்திரை எல்லாம் சாப்பாட்டு மேசையில் இருக்கும், நீங்களே எண்ணுங்கள். பூண்டு எவ்வளவு வேண்டுமானாலும் உரியுங்கள், சாப்பிடுகிறேன்.

சனிக்கிழமை பெரியவனுக்கு ஏழு முடிகிறது. வருவீர்கள் அல்லவா? வரும்போது ஒன்று சொல்லவேண்டும். உங்கள் அக்கா பேர் என்ன அத்தை? உங்கள் சின்ன மகளுக்கும் தெரியவில்லை.