மேக்ஸ் விபத்துகளும் ஃப்ளை-பை-வயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த ஒரு கடிதம், ஃப்ளை-பை-வயர் விமானங்களை, அதாவது விமானியின் கட்டளையைக் கேபிளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வழியே மின்சமிக்ஞையாகக் கொண்டுபோகும் விமானங்களை, நம்பி ஏறக் கூடாது என்றும், போயிங் 737 மேக்ஸ் விபத்துகளே அதற்குச் சாட்சி என்றும் சொல்லியிருந்தது. விமானப் பராமரிப்பில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் பாதி 737, பிற்பாடு ஏர்பஸ் ஏ320. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மேக்ஸ் ஃப்ளை-பை-வயர் விமானம் அல்ல. அதில் ஸ்பாய்லர்கள் (இறக்கையின் மேல் எழும்பித் தூக்குவிசையைக் குறைக்கும் தகடுகள்) மட்டும்தான் மின்சமிக்ஞையில் இயங்குகின்றன. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு விமானியின் கட்டளை இன்னமும் எஃகுக் கேபிள் வழியாகவே போகிறது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் 346 பேர் உயிரிழக்கக் காரணமானது, அந்தப் பழைய அமைப்பின் மேல் கொண்டுபோய் ஒட்டிய ஒரு மென்பொருள். ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பி அது மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது.

கேபிளை நான் குறை சொல்ல மாட்டேன். பழந்துணியைக் கேபிளில் சுற்றிப் பிடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டே போவோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி அதில் சிக்கும். பெரும்பாலும் புல்லியை ஒட்டிய இடத்தில்தான். அப்புறம் இழுவிசையை அளந்து, அன்றைய வெப்பநிலைக்கான அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கேபிள் தன் நோயைக் கையில் சொல்லிவிடும். ஆனால் விமானி தவறு செய்தால் அது தடுக்காது. இழுத்த பக்கம் போகும், அவ்வளவுதான்.

ஏ320 தடுக்கும். சைட்ஸ்டிக்கை (விமானியின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய கட்டுப்பாட்டுத் தண்டு) எவ்வளவு இழுத்தாலும் இறக்கை தூக்குவிசையை இழக்கும் அளவுக்கு மூக்கை உயர்த்த விடாது. 67 டிகிரிக்கு மேல் சாய விடாது. ஏழு கம்ப்யூட்டர்கள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. ஒரே பிழை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படுக்க வைத்துவிடக் கூடாது என்று வெவ்வேறு சில்லுகளும், தனித்தனியாக எழுதிய மென்பொருளும் வைத்திருக்கிறார்கள். 2009 ஜனவரியில் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் சக்தி இழந்த ஏ320 ஹட்சன் ஆற்றில் இறங்கியபோது, வேகம் குறைந்துகொண்டே வந்த கடைசி நொடிகளிலும் இந்தப் பாதுகாப்பு அதை விழ விடவில்லை. 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சல்லன்பெர்கரின் திறமை பெரிது, அதில் சந்தேகமே இல்லை. அவருக்குத் துணை நின்ற கம்ப்யூட்டரையும் மறந்துவிடக் கூடாது. எந்த வகை பாதுகாப்பானது என்று கேட்டால், தயங்காமல் ஃப்ளை-பை-வயர் என்பேன்.

ஆனால் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதுதான் அதற்கு உலகம். அதே 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், அதுவும் ஃப்ளை-பை-வயர் ஏர்பஸ்தான், வேகத்தை அளக்கும் பிட்டோட் குழாய்களை உறைபனி அடைத்தது. வேகக் கணக்கு குழம்பியதும் ஆட்டோபைலட் விலகியது, கூடவே அந்தப் பாதுகாப்பும் விலகியது. துணை விமானி சைட்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தபடியே இருந்தார். இரண்டு சைட்ஸ்டிக்குகளும் ஒன்றோடொன்று இணைந்து அசைவதில்லை என்பதால் பக்கத்தில் இருந்தவரின் கைக்கு அது தெரியவில்லை. 228 பேர் போய்விட்டார்கள். போயிங் 777-உம் ஃப்ளை-பை-வயர்தான், ஆனால் அதில் இரண்டு கட்டுப்பாட்டுத் தண்டுகளும் சேர்ந்தே அசையும். இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு போயிங்குக்கு.

சரி, கேபிள் விமானமாக இருந்தால் இந்த ஆபத்து இல்லையா? 1996 அக்டோபரில் பெருவில் ஒரு போயிங் 757-ஐக் கழுவும்போது, காற்றழுத்தத்தை அளக்கும் துளைகளின் மேல் டேப் ஒட்டினார்கள். எடுக்க மறந்துவிட்டார்கள். கட்டுப்பாடுகள் எல்லாம் விமானி சொன்னபடி கேட்டன. உயரமும் வேகமும்தான் பொய்யாகக் காட்டின. இருட்டில் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை, கழுவி வந்த எந்த விமானமானாலும் அந்தத் துளைகளை என் விரலால் தடவிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்