கிராபிக்ஸ் டிரைவரை மாற்றப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

உன் கடிதத்தைப் படித்தேன். ஏ.எம்.டி. நிறுவனத்தின் பழைய ரேடியான் ஆர்.எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 3060-ஐப் பொருத்திய நாளிலிருந்து, கட்டட மாதிரியை ரெண்டர் செய்யும்போதெல்லாம் (முழுப் படமாக உருவாக்கும்போதெல்லாம்) திரை ஓரிரு நொடி இருண்டு திரும்புகிறது என்றும், கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரைப் புதிதாக, பழையதன் மேலாகவே நிறுவிப் பார்த்தும் தீரவில்லை என்றும், இனி விண்டோஸையே அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டுமோ என்றும் கேட்டிருக்கிறாய். விண்டோஸை அழிக்க வேண்டாம். பழைய டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதியதை நிறுவினாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும். நீக்குவது சில நிமிட வேலைதான். அதற்கு முன் தயாராக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவற்றில்தான் உன் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மாணவர்கள் நடுவழியில் மாட்டிக்கொள்வதெல்லாம் அந்த இடத்தில்தான் என்பதால், தொலைபேசியில் அவசரமாகச் சொல்லாமல் எழுதி அனுப்புகிறேன்.

தொடங்குவதற்கு முன், குற்றம் டிரைவரிடம்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள். கணினியை இயக்கியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே வண்ணக் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் அது பெரும்பாலும் கார்டின் கோளாறு; அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் எதுவும் இயங்கத் தொடங்கியிருக்காது என்பதால், டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. வேலைப்பளு ஏறும்போது கணினியே சட்டென்று அணைந்துவிட்டால், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். உன் பழைய கார்டு 185 வாட் வரை எடுத்துக்கொள்வது, புதியது 170 வாட். ஆகவே பழையதைத் தாங்கிய எஸ்.எம்.பி.எஸ் இதையும் தாங்க வேண்டும். ஆனாலும் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகு பெட்டியைத் திறந்து, கார்டின் மேல்விளிம்பில் செருகும் மின் கேபிளை ஒருமுறை கழற்றி, அதன் கொக்கி ‘டக்’ என்று பிடிக்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்து. அரைகுறையாகச் செருகிய கேபிள் வெளியே பார்க்கச் சரியாகவே இருப்பதுபோல் தோன்றும்.

நீ சொல்லும் அறிகுறி இவற்றில் எதுவும் இல்லை. திரை இருண்டு தானாகத் திரும்பி வருவதென்றால், கிராபிக்ஸ் கார்டு குறித்த நேரத்தில் பதில் சொல்லாததைக் கண்டு விண்டோஸே டிரைவரை நிறுத்தி மறுபடி இயக்கியிருக்கிறது என்று பொருள். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் இந்த ஏற்பாடு உண்டு. 2 விநாடிதான் அது காத்திருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளில், டிரைவர் நின்று மீண்டதைக் குறிக்கும் 4101 என்ற எண்ணைத் தேடு. திரை இருண்ட நேரமும் அந்தப் பதிவின் நேரமும் ஒத்துப்போனால் இந்தக் கடிதத்தின் மிச்சம் உனக்கு உதவும்.

வழக்கமான முறையில் அன்இன்ஸ்டால் செய்தால் ஏன் போதாது என்று கேட்டிருந்தாய். செட்டிங்ஸில் போய் நீக்கும்போது, நம் கண்ணுக்குத் தெரியும் மென்பொருள் போய்விடும். ஆனால் விண்டோஸ் கோப்புறைக்குள் டிரைவர் ஸ்டோர் என்ற இடத்தில், இதுவரை நிறுவிய டிரைவர்களின் நகல்கள் தங்கிவிடக்கூடும். ஒரு சாதனம் செருகப்பட்டதும் விண்டோஸ் முதலில் அங்கேதான் தேடும். அதனால்தான் நீ நீக்கிவிட்டதாக நினைத்த அதே பதிப்பு ரீஸ்டார்ட் ஆனதும் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவற்றுடன் விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவுகள், பின்னணியில் இயங்கும் சர்வீஸ்கள், எச்.டி.எம்.ஐ வழியே ஒலி அனுப்பும் ஆடியோ டிரைவர், வரைகலைக்காக முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைக்கும் ஷேடர் கேஷ் ஆகியவையும் எஞ்சியிருக்கக்கூடும். ஒரே நிறுவனத்தின் கார்டிலிருந்து அதே நிறுவனத்தின் இன்னொரு கார்டுக்கு மாறினால் இவற்றில் பெரும்பகுதியைப் புதிய நிறுவியே சரிக்கட்டிவிடும். நீயோ ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கிறாய். ஒருவர் விட்டுச்சென்றதை மற்றவருடைய நிறுவி துடைக்காது. அதை இருவரில் எவருடைய குறையென்றும் சொல்ல முடியாது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய், மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே உன் பழைய ரேடியானின் பெயர் வெளிறிய நிறத்தில் இன்னும் நிற்பதைப் பார்ப்பாய் என்றே நினைக்கிறேன்.

இனித் தயாரிப்பு. முதலில் என்விடியாவின் சொந்தத் தளத்திலிருந்து உன் கார்டுக்குரிய டிரைவரை முழுக் கோப்பாகவே இறக்கி, கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள். கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை காட்டும். விளையாட்டுகள் வெளியாகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வருவது முதலாவது, உன்னைப் போல் வரைகலை மென்பொருளில் வேலை செய்பவர்களுக்காகச் சோதித்து வெளியிடுவது இரண்டாவது. ஸ்டூடியோவையே எடு. அடுத்து, டிரைவரை அடியோடு நீக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி. டி.டி.யு. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அதை உருவாக்கும் வேக்னார்ட்சாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. தேடியதும் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதே.

மிக முக்கியமானதாக நான் கருதுவது, வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைபவர்களின் வட்டு, அவர்கள் அறியாமலேயே குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது உண்டு. பழைய டிரைவரை நீக்குவதற்காக, அத்தியாவசியமானவற்றை மட்டும் இயக்கும் சேஃப் மோடுக்குள் போக முயலும்போது நீலத் திரை ஒன்று 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டால், அது இல்லாமல் அந்த வட்டை யாராலும் திறக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, சேஃப் மோடுக்குள் போய் ஒரு கோப்பை அழித்தால் போதும் என்ற நிலையிலும் பல அலுவலகங்கள் திண்டாடியது இந்தச் சாவிகளைத் தேடித்தான். உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவியை எடுத்து, ஒரு தாளில் உன் கையாலேயே எழுதி, இலக்கங்களை மறுபடி ஒப்பிட்டுப் பார். கணக்கின் கடவுச்சொல்லையும் நினைவுபடுத்திக்கொள். தினமும் நீ பயன்படுத்தும் நான்கு இலக்க பின் (PIN) எண், சேஃப் மோடில் சில கணினிகளில் வேலை செய்யாது. உன் வரைபடங்களை வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, தேவைப்பட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டையும் உருவாக்கிவிடு. இவ்வளவும் முடிந்த பிறகு நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வைஃபையை அணைத்துவிடு. இணையம் இருந்தால், நீ பழையதை நீக்கிய மறுநிமிடமே விண்டோஸ் அப்டேட் தனக்குத் தோன்றிய ஒரு டிரைவரை இறக்கி நிறுவத் தொடங்கிவிடும். அடியோடு நீக்கியதன் பயன் அங்கேயே போய்விடும்.

சேஃப் மோடுக்குப் போக, ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடு. டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்ற வரிசையில் சென்று, மறுபடி தொடங்கியதும் வரும் பட்டியலில் 4-ஐ அழுத்து. இணையத்துடன் கூடிய சேஃப் மோடைத் தேர்ந்தெடுக்காதே. திரையின் மூலைகளில் சேஃப் மோட் என்று தெரிந்ததும் டி.டி.யு.வைத் திறந்து, சாதன வகையில் ஜி.பி.யு. என்பதையும், நிறுவனத்தில் முதலில் ஏ.எம்.டி.யையும் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்யாமல் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்து. அது முடிந்ததும் நிறுவனத்தை என்விடியா என்று மாற்றி, இந்த முறை கிளீன் அண்ட் ரீஸ்டார்ட் என்பதை அழுத்து. உன் பிராசஸர் ரைசன் 5 3600. அதற்குள் தனியாகக் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் ஏ.எம்.டி. கிராபிக்ஸ் டிரைவர் முழுவதையும் நீக்குவதில் உனக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதற்காகச் சிப்செட் மென்பொருளைத் தனியாகப் போய் நீக்கிவிடாதே. அது மதர்போர்டுக்குரியது, இந்த வேலைக்குச் சம்பந்தமில்லாதது.

ரீஸ்டார்ட் ஆனதும் திரையைப் பார்த்துப் பயப்படாதே. ஐகான்கள் பெரிதாக, எழுத்துகளின் விளிம்புகள் மங்கலாக இருக்கலாம். சாளரத்தை இழுத்தால் விட்டுவிட்டு நகரும். உன் இரண்டாவது மானிட்டர் இருண்டே கிடக்கலாம். டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. இணையத்தை இணைக்காமலேயே, இறக்கி வைத்த என்விடியா கோப்பை இயக்கி, கஸ்டம் முறையைத் தேர்ந்தெடு. அதில் கிளீன் இன்ஸ்டாலேஷன் என்ற கட்டம் ஒன்று உண்டு, டி.டி.யு.வுக்குப் பிறகு அது கட்டாயமில்லை, குறியிட்டாலும் கெடுதல் இல்லை. நிறுவும்போது திரை சில முறை இருண்டு மீளும். அந்த நேரத்தில் பவர் பொத்தானைத் தொடவே கூடாது. பாதியில் நின்ற நிறுவல்தான் இருப்பதிலேயே சங்கடமானது. முடிந்ததும் அது கேட்காவிட்டாலும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பிறகு இணையத்தை இணை.

அதன் பின் மானிட்டரின் புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸுக்குத் திரும்பியிருக்கிறதா, வண்ண புரொஃபைல் போய்விட்டதா, ரெண்டர் மென்பொருள் புதிய கார்டைத்தான் பயன்படுத்துகிறதா என்று பார். ஷேடர் கேஷ் வெறுமையாக இருப்பதால், முதல் முறை மாதிரியைத் திறக்கும்போது சற்றுத் திக்கித் திணறும். அது கோளாறு அல்ல. பெரிய ரெண்டர் ஒன்றை ஓடவிட்டு, கார்டின் வெப்பநிலை ஏறும்போது விசிறியின் வேகமும் ஏறுகிறதா என்று கவனி. 2010 மார்ச்சில் என்விடியா தன் 196.75 பதிப்பையே விசிறிக் கட்டுப்பாட்டுக் கோளாறு காரணமாகத் திரும்பப் பெற நேர்ந்தது. டிரைவர் என்பது படம் காட்டுவதோடு நின்றுவிடாமல் கார்டைக் குளிர்விப்பதிலும் கை வைக்கிறது என்பதால் இந்தச் சோதனையை நான் ஒருபோதும் விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனி ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இதே சடங்கைச் செய்யாதே. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் மேல் அடுத்த பதிப்பைச் சாதாரணமாக நிறுவினாலே போதும். கார்டின் நிறுவனம் மாறும்போதும், இப்போதுபோல் கோளாறு தலைகாட்டும்போதும்தான் அடியோடு நீக்குவது தேவை. உன் தம்பி தன் லேப்டாப்பிலும் இதைச் செய்து பார்க்கிறேன் என்றால் தடுத்துவிடு. அதில் இன்டெல், என்விடியா இரண்டும் சேர்ந்து இயங்குகின்றன. அந்த லேப்டாப் நிறுவனமே தரும் டிரைவரை முதலில் தேடி எடுத்து வைக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

உன் வரைபடங்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குவதாக எழுதியிருக்கிறாய். அதை முடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலை எதுவும் இல்லாத ஒரு மாலையில் தொடங்கு. எல்லாம் நிலைத்து ஓடினால், அந்தப் பதிப்பின் எண்ணைக் குறித்து, நிறுவல் கோப்பை அந்தப் பென்டிரைவிலேயே விட்டுவை. 4101 மீண்டும் வந்தால், புதிய பதிப்புக்குப் பதிலாகச் சில மாதங்களுக்கு முந்தைய ஸ்டூடியோ பதிப்பு ஒன்றை இதே முறையில் நிறுவிப் பார். அப்போதும் வந்தால், அந்தக் கார்டை வேறொரு கணினியில் பொருத்திச் சோதித்து, வாரன்டி முடிவதற்குள் விற்பனையாளரிடம் கொண்டு போ. பில்லைத் தேடி இப்போதே எடுத்து வை.

அன்புடன்,
அம்மா